புது பிளேயர்ஸ் ஹேண்ட்புக்: ஆறுன்னே சொல்லியிருக்கலாம்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கற, டைஸ் உருட்டி ஆளுக்கொரு கேரக்டரா ஆடுற டேபிள் கேமோட 2024 ரூல் புக்கான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்க வச்சு ஒரு நாலஞ்சு மாசம் ஆடியாச்சு, அதான் இப்ப எழுதுறேன், படிச்சு முடிச்ச அன்னைக்கே எழுதியிருந்தா திட்டித் தீத்திருப்பேன்.

384 பக்கம், 12 கிளாஸ் (ஃபைட்டர், ரேஞ்சர் மாதிரி கேரக்டரோட வகை), 48 சப்கிளாஸ் (அதுக்குள்ள உட்பிரிவு). கடைசில அகராதி மாதிரி ரூல்ஸ் எல்லாம் அகரவரிசையில போட்டிருக்காங்க, அதுக்கே ஒரு பெரிய கும்பிடு. முன்னாடியெல்லாம் எவனாவது கிராப்பிள் (எதிரிய பிடிச்சு மடக்கறது) பண்றேன்னு சொன்னா போதும், மூணு பேர் மூணு பக்கத்த புரட்டிட்டு இருப்போம், அதுக்குள்ள எதிரி தூங்கிருவான்.

ஃபைட்டர் ஆடுறவங்களுக்கு இது தீபாவளி தான். இவ்ளோ வருஷம் "அடிக்கிறேன்... மறுபடியும் அடிக்கிறேன்"னு உக்காந்திருந்தவன் இப்ப வெப்பன் மாஸ்டரின்னு ஆயுதத்துக்கு ஆயுதம் ஒரு வித்தை இருக்கறதால கிரேட்ஸ்வோர்ட் வீசி மிஸ் ஆனாலும் கொஞ்சம் டேமேஜ் குடுக்கலாம், மால்ங்கற பெரிய சுத்தியல எடுத்தா ஆள கீழ சாய்க்கலாம், வார்ஹேமர்னா பின்னாடி தள்ளலாம். காயம் ஆத்துற ஸ்பெல் (மந்திரம்) க்யூர் வூண்ட்ஸ்ல ஒரு எட்டு பக்க டைஸ் இருந்தது ரெண்டாச்சு. மாங்க் ஒரு வழியா தேறிட்டான்.

ரேஞ்சர் தான் பாவம். ஒரு எதிரிய குறி வச்சு கூடுதலா டேமேஜ் குடுக்கற ஹன்டர்ஸ் மார்க் ஸ்பெல்ல சுத்தியே மொத்த கிளாஸையும் கட்டிட்டு, அதுக்கு கான்சன்ட்ரேஷன் (அது ஓடுறப்ப இதே மாதிரி இன்னொரு ஸ்பெல்ல பிடிச்சு வச்சிருக்க முடியாது) வேணும்ங்கறத மட்டும் எடுக்கல. 20வது லெவல் வரைக்கும் உயிரக் குடுத்து ஏறுனா கிடைக்கிற பரிசு என்ன தெரியுமா, அந்த மார்க்கோட ஆறு பக்க டைஸ் பத்து பக்கமா மாறும். அவ்ளோ தான்!

ஆனா எங்க டேபிள்ல சண்டை வந்தது பாலடின்ங்கற புனித வீரன் கிளாஸால. டிவைன் ஸ்மைட் (அடியோட சேத்து குடுக்கற கூடுதல் டேமேஜ்) இப்ப ஒரு ஸ்பெல், போனஸ் ஆக்ஷன் (ஒரு டர்ன்ல ஒரு தடவ கிடைக்கிற துணை வேலை) போகும், ஒரு டர்ன்ல ஒண்ணு தான், எதிரி கவுன்டர்ஸ்பெல் போட்டு தடுக்கக் கூட செய்யலாம். எங்க பாலடின் அண்ணா ரெண்டு அடிக்கும் ரெண்டு ஸ்மைட் வச்சு பாஸ ஒரே டர்ன்ல முடிக்கிற ஆளு, அதுல வேற அவர் கேரக்டர் ஹாஃப் எல்ஃப் (பாதி மனுஷன், பாதி எல்ஃப்), புது புக்ல ஹாஃப் எல்ஃபே இல்ல. "என் ஆளையே சாகடிச்சுட்டாங்கடா"ன்னார். நாங்க சிரிச்சோம், ஆனா அவர் சும்மா சொல்லல, அந்த கேரக்டர் கூட அவருக்கு ஆறு வருஷப் பழக்கம்.

எடிஷன் மாறுனா புலம்புறது இந்த கேம்ல புதுசில்ல. 1989ல ரெண்டாவது எடிஷன் வந்தப்ப டீமன், டெவில்ங்கற பேரையே தூக்கிட்டாங்க, அப்புறம் டனாரி, பாடேஸுன்னு மாத்தினாங்க. ஆர்மர் கிளாஸ் (அடி படாம காப்பாத்துற எண்) குறைய குறைய நல்லதுன்னு இருந்த கணக்க 2000ல மூணாவது எடிஷன் தலைகீழாக்குச்சு, 2003லயே மூணரை வந்துருச்சு. 2008ல வந்த நாலாவது எடிஷன் பிடிக்காம ஒரு பெருங்கூட்டமே பாத்ஃபைண்டர்ங்கற போட்டி கேம் பக்கம் போயிருச்சு. அன்னைக்கு நாலாவத போட்டு மிதிச்சவங்கள்லயே சில பேரு இப்ப "அதுல சண்டை டிசைன் நல்லா தான்யா இருந்துச்சு"ன்னு மெதுவா சொல்றாங்க, கேட்டா சிரிப்பு வரும்.

ஆனா அப்பல்லாம் கோடு தெளிவா இருந்துச்சு, நாலு வேணும்னா நாலு, வேணாம்னா மூணரை. இந்த தடவ ஆறாவது எடிஷன்னு சொல்லாம, 2014ல வந்த அஞ்சாவதோட சேரும், பழைய அட்வென்ச்சர் எல்லாம் ஓடும்னு சொல்லி விட்டதால ரெண்டு புக்கும் ஒரே டேபிள்ல கிடக்கு. மிருகத்த வரவழைக்கிற கான்ஜூர் அனிமல்ஸ் ஸ்பெல்ல ட்ரூயிட் சொன்னா ஒருத்தன் எட்டு ஓநாய எண்றான், இன்னொருத்தன் இல்லடா அது இப்ப ஒரே ஆவிக் கூட்டம்ங்கறான், ரெண்டு பேர் சொல்றதும் அச்சுல இருக்கு. 2024 ஆகஸ்ட்ல டி அண்ட் டி பியாண்ட்ங்கற இந்த கேமோட ஆன்லைன் தளத்துல பழைய ஸ்பெல்ல தூக்கிட்டு புதுச வைப்போம்னு அறிவிச்சு, ஆளுங்க கொதிச்சதும் சில நாள்லயே வாபஸ் வாங்குனாங்களே, அதுவும் இதே கூத்து தான்.

புதுசா ஆரம்பிக்கிறவங்க, புது கேம்பெயின் (பல நாள் ஓடுற தொடர் ஆட்டம்) போடுறவங்க கண்ண மூடிட்டு இத வாங்கலாம், 2014 புக்க விட கத்துக்கறது சுலபம். பாதி கேம்பெயின்ல இருக்கீங்கன்னா அது முடியட்டும், இல்லனா எந்த ஸ்பெல்லுக்கு எந்த புக்குன்னு டிஎம் (ஆட்டத்த நடத்துறவர்) முதல் நாளே சொல்லிரணும். எங்க டிஎம் எல்லாத்துக்கும் புதுசுன்னு தான் சொன்னாரு. பாலடின் அண்ணா இன்னும் ரெண்டு ஸ்மைட் போட்டுட்டு தான் இருக்காரு, யாரும் கண்டுக்கறதில்ல.