ஆலந்தா, டோடெகனீஸா? ஆயுதமில்லாத தீவுக்கு எந்த வழி

பேச்சுவார்த்தைப் பயிற்சி ஒன்றில் எனக்கு வந்த வேலை இது. இரண்டு கற்பனை நாடுகள் ஒரு தீவுக்கூட்டத்துக்காக முறைத்துக்கொண்டு நிற்கின்றன. மோதலைத் தவிர்க்க அதைப் படையில்லாப் பகுதியாக்க வேண்டும். முன்மாதிரிகளாக மூன்று கொடுத்தார்கள்: பால்டிக் கடலின் ஆலந்து, ஏஜியன் கடலின் டோடெகனீஸ், ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்ட். நான் ஆலந்தை எடுத்தேன். இன்று கேட்டாலும் அதையே எடுப்பேன்.

ஸ்வால்பார்டைச் சீக்கிரமே ஒதுக்கிவிட்டேன். 1920 ஒப்பந்தம் நார்வேக்கு இறையாண்மையைத் தந்து, கடற்படைத் தளமும் கோட்டையும் கூடாது என்றது. கையெழுத்திட்ட நாடுகளின் மக்களுக்குத் தொழில் செய்ய சம உரிமையும் தந்தது. வளத்தைப் பங்கிட நல்ல ஏற்பாடுதான். ஆனால் 1943 செப்டம்பரில் ஜெர்மன் போர்க்கப்பல்கள் வந்து குடியிருப்புகளைச் சுட்டெரித்தபோது அந்தக் காகிதம் எதையும் தடுக்கவில்லை.

தீவு எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்பதையெல்லாம் வரைபடமே சொல்லிவிடும். எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்றுதான்: வாக்கு காப்பாற்றப்படுகிறதா என்று பார்ப்பது யார்?

டோடெகனீஸ் தடுக்கி விழுந்தது இங்கேதான். 1947 பாரிஸ் சமாதான ஒப்பந்தத்தில் இத்தாலி இத்தீவுகளை கிரீஸிடம் ஒப்படைத்தது. படை வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. எதிர்க்கரையில் இருக்கும் துருக்கியோ அதில் கையெழுத்திடவே இல்லை. அதனால் கேட்கும் உரிமை உனக்கில்லை என்கிறது கிரீஸ்; நிபந்தனை எல்லோருக்கும் பொது என்கிறது துருக்கி. 1974-ல் சைப்ரஸில் துருக்கிப் படை இறங்கிய பிறகு கிரீஸ் தரப்பில் தற்காப்பு வாதமும் வலுத்தது. யாருக்கு அச்சமோ அவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு எழுதிய ஒப்பந்தம் இது.

ஆலந்தும் முதலில் இப்படித்தான் சறுக்கியது. கிரிமியப் போரில் பிரிட்டனும் பிரான்ஸும் 1854-ல் அங்கிருந்த ரஷ்யாவின் போமர்சுண்ட் கோட்டையைத் தகர்த்தன. 1856-ல் இனி கோட்டை கட்டுவதில்லை என்று ரஷ்யா அவ்விரு நாடுகளிடமும் ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் அதே ரஷ்யா அங்கே அரண் எழுப்பியது. காவலுக்கு நின்ற இருவரும் அப்போது அதன் கூட்டாளிகள், பிறகு யார் தட்டிக்கேட்பது?

ரஷ்யாவிடமிருந்து பின்லாந்து விடுதலையானதும் ஸ்வீடனும் தீவுகளைக் கேட்டது. 1921-ல், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் தீவுகள் பின்லாந்துக்கே என்று தீர்ப்பளித்தது. ஸ்வீடிஷ் பேசும் தீவுவாசிகளுக்குத் தன்னாட்சியும் மொழிப் பாதுகாப்பும் உறுதியாயின. பத்து நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கை, படை விலக்கத்தோடு போர்க்கால நடுநிலையையும் சேர்த்தது. பால்டிக் கடலைப் பாதிக்கும் போர் வந்தால் பின்லாந்து தன் கடலில் தற்காலிகமாகக் கண்ணிவெடி போடலாம் என்ற வழியும் இருந்தது. சோவியத் நாடு மட்டும் அதில் இல்லை. அந்த ஓட்டையை 1940-ல் தனி ஒப்பந்தம் அடைத்தது: ஆலந்தின் தலைநகர் மேரிஹாம்னில் சோவியத் துணைத் தூதரகம், படை இல்லை என்பதைச் சரிபார்க்கும் உரிமையோடு. பொதுக் காவலாளியான சர்வதேச சங்கம் காலாவதியாகிவிட்டது. அந்தத் துணைத் தூதரகம் நின்றது.

என் தேர்வுக்கும் எல்லை உண்டு. ஆலந்தில் ஏறக்குறைய 30,000 பேர் வாழ்கிறார்கள்; யாருடைய தீவு என்ற வழக்கு முதலில் முடிந்தது. தென்சீனக் கடலின் ஸ்ப்ராட்லி திட்டுகளில் அவ்வளவு பேரும் இல்லை, வழக்கும் முடியவில்லை, அங்கே இதைப் பரிந்துரைக்க மாட்டேன். 2023-ல் பின்லாந்தும் 2024-ல் ஸ்வீடனும் நேட்டோவில் சேர்ந்துவிட்டன. ரஷ்யத் துணைத் தூதரகத்தை மூடச் சொல்லும் குரல்கள் பின்லாந்தில் எழுந்திருக்கின்றன. ஏற்பாடு இதைத் தாங்குமா என்று சொல்ல இன்னும் சில ஆண்டுகள் வேண்டும்.

எங்கள் கற்பனைத் தீவில் மக்கள் இருந்தார்கள். அதனால் வரைவில் எதிர்த்தரப்புக்கு ஒரு துணைத் தூதரகம் எழுதிக்கொடுத்தேன். எதிர்ப்பு என் அணியிலிருந்தே வந்தது: “உளவாளிக்கு நாமே வீடு பார்த்துத் தருவதா?” அந்தப் பிரிவை மட்டும் நான் நீக்கவில்லை.