குன்னூர் மனவாசிப்புக் கூடல்: அன்றே போவதா, முந்தின நாளே போவதா?

மென்டலிசம் (பிறர் மனதைப் படிப்பதுபோல் காட்டும் வித்தை) செய்யும் நண்பர்களின் ஒரு நாள் கூடலுக்குக் கோவையிலிருந்து வரும் இருவர் கேட்டார்கள்.

செலவு: அன்றே போனால் பஸ் கட்டணத்தோடு சரி. முந்தின நாள் என்றால் அறை வாடகை. மே மாதத்தில் கையைக் கடிக்கும்.

பயணம்: மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும் மலை ரயில் குன்னூர் சேரப் பத்தரை ஆகிவிடும், முதல் அமர்வு போச்சு. அன்றே போகிறவருக்குப் பஸ்தான். முந்தின நாள் கிளம்புகிறவர் ரயிலில் ஆடி அசைந்து போகலாம்.

விரல்கள்: இதை யாரும் யோசிப்பதில்லை. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். மடித்த துண்டுச் சீட்டைக் கைக்குள் வைத்துச் செய்யும் வேலை (அதற்கு மேல் சொல்ல மாட்டேன்) விறைத்த விரலுக்கு வராது. ஒருமுறை பஸ்ஸை விட்டு இறங்கி நேரே நிகழ்த்தப் போனேன். சீட்டு எல்லோர் கண்முன்னும் தரையில் விழுந்தது. ஓர் இரவு தங்கியிருந்தால் உடம்பு கொஞ்சம் பழகியிருக்கும்.

பேச்சு: உருப்படியான விஷயங்கள் வெளிவருவது முந்தின இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான். அன்றே வருகிறவருக்கு அது கிடைக்காது.

பார்க்க மட்டும் வருகிறீர்களா? அன்றே போதும். நிகழ்த்துகிறீர்கள் என்றால் முந்தின நாளே ஏறுங்கள். அறையை இருவராகப் பகிர்ந்தால் வாடகை பாதி.