காரைக்குடில பழைய டேப்பை டிஜிட்டல் ஆக்கித் தர்ற கடை, நம்பிக் குடுக்கலாம்

எங்க அம்மான் டாக்குமென்டரி எடுத்தவரு. தூர்தர்ஷனுக்கு அரைமணி நேர நிகழ்ச்சி, நடுவுல குடும்பம் ஓடணுமேன்னு சினிமால அசோசியேட் கேமராமேன், கையில கொஞ்சம் காசு சேர்ந்ததும் மறுபடி டாக்குமென்டரி, இப்படியே முப்பது வருஷம். நிகழ்ச்சி உரிமையெல்லாம் சேனலுக்குப் போயிரும், அவர்கிட்ட தங்குனது வெட்டாத ரஷ்ஷஸ், அதாவது எடுத்தபடியே இருக்குற காட்சிங்க மட்டும்தான். அது கோட்டையூர் வீட்டு ரெண்டாங்கட்டுல தகரப் பெட்டிக்குள்ள கெடந்துச்சு, 60 மினி டிவி (MiniDV, கேமராக்குள்ள போடுற குட்டி கேசட்) டேப், 11 விஹெச்எஸ், கொஞ்சம் யூமேட்டிக் (டிவிக்காரங்க அப்ப வச்சிருந்த பெரிய கேசட்).

முதல்ல வேற ஊர்ல ஒரு கடைல அஞ்சு டேப் குடுத்துப் பாத்தேன். 4:3 படத்தை இழுத்து 16:9 ஆக்கி எல்லார் மூஞ்சியும் வீங்கிப் போச்சு, கை அசையுற எடமெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி கோடு, அதோட ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னாடி இருக்குற பேச்சு வேஸ்ட்டுன்னு அவங்களே வெட்டிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல.

அப்புறம்தான் செக்காலை ரோட்டுல இருக்குற இந்த ஸ்டூடியோ. கல்யாண வீடியோ எடுக்குற சின்ன கடைதான், ஆனா அந்தத் தம்பி டேப்பை வாங்குன உடனே மூடியத் தூக்கி வெளிச்சத்துல காட்டுனாரு, ஓரத்துல வெள்ளையா பூஞ்சை. இத அப்படியே ஓட்டுனா டேப்பைப் படிக்கிற பிளேயர் ஹெட்டும் போகும் டேப்பும் போகும், மொதல்ல தொடைக்கணும்ணே, ரெண்டு நாள் கூட ஆகும்னாரு. ஒரு மணி நேர டேப் ஏற ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும், அவசரப்படுத்தாதீங்க. ஃபயர்வயர் கேபிள்ல கம்ப்யூட்டருக்கு அப்படியே இறக்குறதால மணிக்கு 13 ஜிபி வரும், 2 டிபி ஹார்ட் டிஸ்க் நீங்களே கொண்டு போயிருங்க. டேப் உறை மேல அம்மான் பென்சில்ல கிறுக்கி வச்சிருந்ததையும் ஃபைல் பேர்ல அப்படியே போட்டுக் குடுத்தாரு, நான் கேக்கவே இல்ல.

ஒரு டேப் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை. கண்ணாடி மேல அச்ச வச்சு, கரண்டியால கலர் சிமெண்ட்ட ஊத்துற பெரியவரோட கை மட்டும் நாப்பது நிமிசம், நிகழ்ச்சில இது வந்தது அரை நிமிசம் கூட இல்ல. ஷாட்டு தொடங்குறதுக்கு முன்னால அம்மான் குரல், "ஐயா, கேமராவப் பாக்காதீங்க, நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க". அந்தக் குரலுக்குத்தான் நான் இவ்வளவு அலைஞ்சது. முகப்புல டிவில போட்டுக் காட்டினேன், அம்மான் வாயத் தொறக்கல, அந்தப் பெரியவர் பேரு மட்டும் ரெண்டு தரம் சொன்னாரு.

எங்க ஊர்க்காரங்களுக்கு இது புதுசா சொல்ல வேண்டியதில்ல. கோட்டையூர் ஏ.கே. செட்டியார் நாடு நாடாப் போயி 50,000 அடி ஃபிலிம் சேத்து 1940ல காந்தி படத்தை வெளியிட்டாரு. அந்தத் தமிழ்ப் படம் முழுசா கெடைக்கல, 1953ல அமெரிக்காவுல வந்த இங்கிலீஷ் வடிவம்தான் பின்னால கெடச்சுது. அவ்வளவு பெரிய உழைப்புக்கே அந்தக் கதின்னா பூட்டுன வீட்டுக்குள்ள கெடக்குற டேப்பு என்ன ஆகும், தயவு செஞ்சு உங்க பெட்டியத் தொறந்து பாருங்க.

குறைன்னா, சொன்ன தேதிக்குத் தரல, மூணு வாரம்னு சொல்லி ஆறு வாரம் ஆச்சு, முகூர்த்த மாசத்துல குடுக்காதீங்க. விஹெச்எஸ் ரெண்டுல சத்தம் கொஞ்சம் கம்மி, திரும்பக் குடுத்ததும் காசு வாங்காம சரி பண்ணிட்டாரு. டேப்புக்கு 250 ரூபா, மொத்தமா குடுத்ததால 200.

யூமேட்டிக்குக்கு மட்டும் அவர்கிட்ட பிளேயர் இல்ல. அதுலதான் அம்மானோட முதல் நிகழ்ச்சி இருக்கு. ஓடுற நெலமைல பிளேயர் வச்சிருக்கிறவங்க சென்னைலயோ மதுரைலயோ யாராச்சும் தெரிஞ்சா சொல்லுங்க, நானே தூக்கிட்டு வர்றேன்.