முதல் அடி ஸ்டெப்னிக்கு: 303 ப்ரொடக்டன்ட் ஸ்ப்ரேயும் ஜீப் டயர் விரிசலும்

தார், கூர்க்கா, ஜிம்னி ஆகிய மூன்று ஜீப் வகை வண்டிகளிலும் ஸ்டெப்னி பின்கதவில்தான் தொங்குகிறது. சைடுவாலில், அதாவது டயரின் பக்கச் சுவரில், முதலில் விரிசல் விடுவதும் பெரும்பாலும் அந்த டயர்தான். பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) துளியும் தேயாத டயர் ஏன் முந்திக்கொண்டு விரிசல் விடுகிறது என்றால், ஓடாததுதான் காரணம். ரப்பரைக் கலக்கும்போதே அதில் மெழுகையும் ஓசோன் தடுப்பு ரசாயனத்தையும் சேர்க்கிறார்கள். வண்டி ஓடும்போது சைடுவால் நசுங்கி நிமிர்வதால், உள்ளே இருப்பது மெல்ல மேலே வந்து படலமாகப் படிகிறது. தொங்கும் டயருக்கு அந்த அசைவே கிடையாது. காற்றடைத்து விறைப்பாக இழுபட்ட நிலையில், நாள் முழுக்க வெயிலைப் பார்த்தபடி நிற்கிறது. இழுபட்ட ரப்பரைத்தான் காற்றிலுள்ள ஓசோன் எளிதில் அறுக்கும்.

303 ஏரோஸ்பேஸ் ப்ரொடக்டன்ட் உண்மையாகவே உதவுவது இந்த இடத்தில்தான். இது அமெரிக்கத் தயாரிப்பு, தண்ணீர் சார்ந்த ஸ்ப்ரே. புற ஊதாக் கதிரைத் தடுப்பதுதான் வேலை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பளபள டயர் பாலிஷ்களில் பலவும் பெட்ரோலியக் கரைப்பானில் சிலிக்கான் எண்ணெயைக் கரைத்தவை. அடித்த பிறகும் பிசுபிசுக்கும், தூசியைப் பிடித்து வைக்கும், வண்டி கிளம்பியதும் ஃபெண்டரில் கருந்துளியாகத் தெறிக்கும். அந்தக் கரைப்பான், ரப்பர் தனக்காக வைத்திருக்கும் பாதுகாப்புப் பொருளையும் இளக்கி எடுத்துவிடக்கூடும். 303இல் பெட்ரோலியக் கரைப்பான் இல்லை. துடைத்து முடித்தால் புது டயரின் மங்கலான கறுப்பு கிடைக்கும், அவ்வளவுதான். பளபளப்பை எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றம். காட்டுக்கும் மலைக்கும் போகிற டயருக்கு அந்த மங்கல்தான் நல்லது; நூலிழை விரிசல்கூட மறையாமல் கண்ணில் படும்.

அடிக்கும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். வண்டியை நிழலில் நிறுத்தி டயர் சூடு ஆறட்டும். ஒரு வாளி தண்ணீரில் சிறிது கார் ஷாம்பூ, மென்மையான பிரஷ், பிறகு நல்ல தண்ணீர். சேறு பட்டன் இடுக்கிலும் ரிம் ஓரத்திலும் ஒட்டியிருந்தால் அதை முதலில் எடுக்க வேண்டும். முழுக்கக் காய்ந்த பிறகு ஒரு பக்கத்துக்கு எட்டு முதல் பத்து அழுத்தல் அடித்து, துணியால் பரவலாகத் தேய்த்து, உடனே வேறொரு உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். தானாகக் காயட்டும் என்று விட்டால் திட்டுத் திட்டாக நிற்கும். பட்டன் மேல் படவே கூடாது, வழுக்கும். பிரேக் டிஸ்க்கை நோக்கியும் அடிக்காதீர்கள்; துணியில் அடித்துக்கொண்டு டயரில் தேய்ப்பது பாதுகாப்பு.

ஐந்து டயருக்கும் வெளிப்பக்கம் மட்டும் அடித்தால் ஒரு முறைக்கு ஏறக்குறைய 50 மில்லி ஆகும். 473 மில்லி பாட்டில் ஒன்பது முறை வரும். மூன்று முதல் ஐந்து வாரத்துக்கு ஒரு முறை என்பது கணக்கு, ஆனால் ஒரு நாள் சேற்றில் இறங்கி ஏறினாலே கீழ் டயர்களில் படலம் போய்விடும். உள்ளூர் பாலிஷைவிடப் பல மடங்கு விலை கொடுத்து அதை நான்கு சக்கரத்துக்கும் அடிப்பது, தினமும் ஓடுகிற வண்டிக்கு அவசியமில்லை. ஸ்டெப்னிக்கும், மாதக்கணக்கில் வெயிலில் நிற்கும் வண்டிக்கும் கட்டாயம் அடிக்கலாம். ஸ்டெப்னிக்கு நல்ல உறை போட்டுவிட்டால் அந்தச் செலவும் குறையும்.

சைடுவால் பழுப்பேறினால் அழுக்கென்று நினைத்து டீகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி) போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். மேலே வந்த ஓசோன் தடுப்புப் பொருள் காற்றுபட்டுப் பழுப்பானதுதான் அது. அதைச் சுரண்டுவது டயரின் கவசத்தைச் சுரண்டுவது.

எந்த ஸ்ப்ரேயும் விழுந்த விரிசலை மூடாது. 303ம் மூடாது. விரிசலின் இடமே காரணத்தைச் சொல்லிவிடும். காய்ந்த குளத்துத் தரைபோல எங்கும் மெல்லிய கோடுகள் என்றால் வயதும் வெயிலும் ஓசோனும். டயரின் தோள்பட்டையை (பட்டனும் சைடுவாலும் சேரும் ஓரம்) ஒட்டி வட்டமாக ஓடும் கோடு என்றால் காற்றுக் குறைவில் ஓட்டியது. ஒரே இடத்தில் வெட்டு என்றால் கல். ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குள் இருந்தால் கவனித்தபடி ஓட்டலாம், 1.6ஐத் தாண்டினால் டயரைக் கழற்றிவிட வேண்டும், நடுவில் இருந்தால் டயர் கடையில் ரிம்மிலிருந்து இறக்கி உட்பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பருக்குள் இருக்கும் நூல் தெரிந்தாலோ புடைத்திருந்தாலோ அளவெடுக்க வேண்டியதே இல்லை. சைடுவாலுக்குப் பஞ்சர் ஒட்டுவதும் கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும் இடத்தில் ஒட்டு நிற்காது.

தூத்துக்குடிப் பக்கத் தேரி மணலில் டயர் காற்றழுத்தத்தை 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்காமல் ஏறுவது கடினம். தவறு இறக்குவதில் இல்லை, அதே காற்றோடு தார் ரோட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீடு திரும்புவதில் இருக்கிறது. மடிந்து மடிந்து சைடுவால் சூடேறி, ரப்பர் உள்ளிருந்து நூலை விட்டுப் பிரியத் தொடங்கும். ஒரு கையடக்க கம்ப்ரஸரும் காற்றழுத்தம் பார்க்க நம்பகமான கேஜும் வாங்கிய பிறகு ஸ்ப்ரேயைப் பற்றி யோசித்தால் போதும். காற்று இறக்கிய நிலையில் 30 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓட்டுங்கள். தார் ரோட்டைத் தொடும் முன், கதவுத் தூணிலுள்ள ஸ்டிக்கர் அளவுக்கு ஏற்றுங்கள்.

வாட்டர் வாஷ் முடிந்ததும் அடியில் டீசல் அடிக்கும் வழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. டீசல் ரப்பரை ஊறவைத்து உப்ப வைக்கும். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வண்டியை நீண்ட நாள் நிறுத்தும் இடத்துக்கு அருகில் வெல்டிங்கோ மின் மோட்டாரோ ஓடினால் அங்கே ஓசோன் உருவாகும், இடத்தை மாற்றுவது நல்லது. நிற்கும் வண்டியை மாதம் ஒரு முறையாவது டயர் சூடேறும் அளவு ஓட்டுங்கள்.

சைஸ் ஒன்றாக இருந்தால் ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயரையும் 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை இடம் மாற்றிச் சுழற்றுங்கள். அப்போதே சைடுவாலில் அச்சடித்த, தயாரான காலத்தைச் சொல்லும் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அது டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். ஸ்டெப்னியில் கதவை ஒட்டிய பக்கமாக அமைந்துவிட்டால் கழற்றித்தான் பார்க்க முடியும். ஐந்து வருடம் ஆனபின் ஆண்டுக்கு ஒரு முறை கடையில் காட்ட வேண்டும். பத்து வருடம் ஆகிவிட்டால், பட்டன் புதிதாகவே இருந்தாலும் அந்த ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு மலை ஏறாதீர்கள்.