எல்26-ஆ, மியூரா 31-ஆ?

வாங்கலாமா என்று டர்பன் துறைமுகத்தில் மச்சானும் நானும் பார்த்த இரண்டுமே தென்னாப்பிரிக்காவில் பிறந்த பழைய ஃபைபர் பாய்மரப் படகுகள்.

எல்26 ஆஞ்செலோ லாவ்ரானோஸ் வரைந்தது. தென்னாப்பிரிக்காவின் லிப்டன் கோப்பைப் பாய்மரப் படகுப் போட்டியில் பல வருடம் ஓடிய ரகம். 26 அடிதான், லேசான உடம்பு. கொஞ்சம் காற்று வந்தாலே கிளம்பிவிடும். உள்ளே போனால் முதுகு வளைகிறது. வார இறுதிக்கு மேல் அதில் தங்க என்னால் முடியாது.

ஓஸ்வால்ட் பெர்க்கேமையர் வரைந்த மியூரா 31 கனமானது. போட்டியில் பின்தங்கும், சரி. ஆனால் இந்தக் கரையோரம் அகுல்லாஸ் நீரோட்டம் தென்மேற்காக ஓடுகிறது. அதற்கு எதிராகத் தென்மேற்குக் காற்று பலமாக அடித்தால் அலைகள் செங்குத்தாக எழும்பும். அந்த நேரத்தில் வேகத்தை யார் கேட்டார்கள்? கனம்தான் வேண்டும். சமைக்க, படுக்க, தண்ணீர் சேமிக்கவும் இதில்தான் இடம்.

இரண்டிலும் பயம் வயதுதான். மேல்தளத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள்; மந்தமான சத்தம் வந்தால் உள்ளே ஈரம் புகுந்திருக்கலாம். நாங்கள் பார்த்த எல்26-இல் முன்பக்கம் முழுக்க அந்தச் சத்தம். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் 10 வருடம் தாண்டியிருந்தால், மாற்றும் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.

மச்சானுக்குப் போட்டி ஆசை இன்னும் விடவில்லை. குடியிருக்கப் போவது நான். என் ஓட்டு மியூராவுக்கு.