பழைய தின் கிளையன்டா, புது எல்டிஎஸ்பியா, ஆளுக்கொரு எஸ்எஸ்டியா?

திருமங்கலத்தில் நண்பர் ஒருவர் கணினிப் பயிற்சி மையம் நடத்துகிறார். 16 சிஸ்டம், எதிலும் ஹார்ட் டிஸ்க் கிடையாது. எல்லாமே மூலையில் இருக்கும் ஒரே சர்வரிலிருந்து லேன் வழியாக பூட் ஆகும். உபுண்டு லினக்ஸ் 14.04 காலத்தில் போட்ட எல்டிஎஸ்பி5 அமைப்பு அது. லினக்ஸ் டெர்மினல் சர்வர் ப்ராஜெக்ட் என்பதன் சுருக்கம்; ஒரே சர்வரிலிருந்து பல கணினிகளை ஓட்டும் இலவச மென்பொருள். டைப்பிங் வகுப்புக்கும் கணக்குப் பதிவு வகுப்புக்கும் குறையில்லாமல் ஓடியது. இப்போது நாலு பிள்ளைகள் பிரவுசரைத் திறந்தாலே மொத்த அறையும் நொண்டுகிறது.

அவர் முன்னால் மூன்று வழிகள். இருப்பதையே தட்டிக்கொட்டி ஓட்டலாம். புதிய எல்டிஎஸ்பிக்கு மாறலாம். இல்லையென்றால் இந்தச் சங்காத்தமே வேண்டாம் என்று ஒவ்வொன்றுக்கும் எஸ்எஸ்டி வாங்கிப் போட்டுவிடலாம். அந்த அறைக்கு இரண்டாவதுதான் சரி என்பது என் முடிவு. ஆனால் கீழே வருகிற லேன் வேலையை முடிக்காமல் எதற்குச் செலவழித்தாலும் பாதிப் பணம் வீண்.

முதலில் ஸ்விட்ச், கேபிள்

"அண்ணே, நாலாவது சிஸ்டம் கருப்புத் திரையிலேயே நிக்குது" என்று போன் வந்தால், திரையில் என்ன எண் இருக்கிறது என்றுதான் கேட்பேன். லேன் வழியாக பூட் ஆகும் முறைக்கு பிஎக்ஸ்இ என்று பெயர்; அதன் பிழை எண்கள் இவை. பிஎக்ஸ்இ-ஈ61 என்றால் கேபிள் அல்லது ஆர்ஜே45 முனை. ஈ51 என்றால் ஐபி முகவரி கேட்டதற்குப் பதிலே வரவில்லை. ஈ53 என்றால் முகவரி வந்துவிட்டது, எந்தக் கோப்பை பூட் செய்வது என்று யாரும் சொல்லவில்லை. ஈ32 என்றால் கோப்பின் பெயர் தெரிந்தும் டிஎஃப்டிபி என்கிற எளிய கோப்பு அனுப்பும் முறை வழியாக அதை எடுக்க முடியவில்லை. சர்வரின் ஃபயர்வாலில் அதற்கான வாசலான யுடிபி 69 மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

இதில் ஈ53 பெரும்பாலும் புதிதாக ஃபைபர் இணைப்பு வாங்கிய வாரத்தில் வரும். இணையக்காரர் வைத்துவிட்டுப் போகும் பெட்டியும் ஐபி முகவரி கொடுக்கும். சர்வரை முந்திக்கொண்டு அது பதில் சொன்னால், கிளையன்டுக்கு, அதாவது மேசையில் உள்ள சிஸ்டத்துக்கு, பூட் கோப்பின் பெயர் கிடைக்காது. பெட்டியோடு மல்லுக்கட்ட வேண்டாம். முகவரியை அதுவே கொடுக்கட்டும்; சர்வரில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருளை, முகவரி கொடுக்காமல் கூட நின்று பதில் சொல்லும் பிராக்ஸி டிஎச்சிபி முறையில் வைத்தால், பூட் விவரத்தை மட்டும் சர்வர் சொல்லும்.

புது மேனேஜ்டு ஸ்விட்ச் மாட்டியதும் ஈ51 வர ஆரம்பித்தால் லேனில் சுற்றுப்பாதை உண்டாகாமல் காக்கும் ஸ்பானிங் ட்ரீயைச் சந்தேகப்படுங்கள். போர்ட் உயிர்பெற்றுப் போக்குவரத்தை விடுவதற்கே 30 விநாடி எடுத்துக்கொள்ளும். அதற்குள் கிளையன்ட் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிடும். ஸ்விட்சில் அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் அமைப்பைப் போட்டால் தீர்ந்தது.

இன்னொன்று கண்ணில் படாத வியாதி. சர்வரும் ஸ்விட்சும் கிகாபிட், ஆனால் இரண்டொரு கிளையன்ட் மட்டும் 100 மெகாபிட். ஃப்ளோ கன்ட்ரோல் இயங்கிக்கொண்டிருந்தால், மெதுவான அந்த ஒருவருக்கான தரவு ஸ்விட்சில் தேங்கியதும் "கொஞ்சம் நிறுத்து" என்று அது சர்வருக்கே சொல்லும். சர்வர் எல்லோருக்கும் நிறுத்திவிடும். பந்தியில் ஒருவர் மெல்ல மென்று சாப்பிடுகிறார் என்பதற்காகச் சாம்பார் வாளி மொத்த வரிசைக்கும் நின்றுபோகிற கதை. சர்வரின் லேன் கார்டில் ஈத்டூல் கட்டளையால் ஃப்ளோ கன்ட்ரோலை நிறுத்திப் பாருங்கள். திருமங்கலம் அறையின் நொண்டலில் ஒரு பங்கு இதிலேயே போய்விட்டது.

பழையதையே ஓட்டினால்

எல்டிஎஸ்பி5-ன் தின் கிளையன்டில் எல்லா வேலையும் சர்வரில் நடக்கும். மேசையில் இருப்பது திரையும் கீபோர்டும் மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளலாம். எழுத்து வேலைக்கு இது பிரமாதம், வீடியோவுக்கு ஆகாது. கணக்கு எளிது: 640க்கு 360 அளவு வீடியோ, புள்ளிக்கு 4 பைட், விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் விநாடிக்கு 23 எம்பி. பிட்டில் சொன்னால் 184 மெகாபிட். 100 மெகாபிட் கேபிளில் ஒரே ஒருவருக்குக்கூட இது போகாது. திரைத் தரவுக்கான மறையாக்கத்தை அணைத்தால் சர்வரின் சுமை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். 16 பேரின் பிரவுசரும் சர்வரின் மெமரியில்தான் உட்காரும் என்பதால் 32 ஜிபிக்குக் குறைத்து யோசிக்க முடியாது.

சர்வரின் ஐபி மாறினால் "இந்தக் கணினிக்கு அனுமதி இல்லை" என்கிற மாதிரி ஒரு செய்தி லாகின் திரையில் வரும். சர்வரை அடையாளம் காட்டும் எஸ்எஸ்எச் சாவிகளைப் புதுப்பித்து, கிளையன்ட்கள் பூட் ஆகும் சிஸ்டத்தின் பிரதியான இமேஜையும் திரும்பக் கட்டினால் சரியாகும். ஆனால் 14.04-க்கு வழக்கமான ஆதரவு 2019 ஏப்ரலோடு முடிந்தது. அதில் புதிய பிரவுசர் ஏறாது. இணையம் தேவையில்லாத டைப்பிங் வகுப்பு மட்டும் என்றால் ஓட்டுங்கள். வேறு எதற்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

புதிய எல்டிஎஸ்பி

1999-ல் ஜிம் மெக்குவில்லன் தொடங்கிய திட்டத்தை 2019-ல் அல்கிஸ் ஜார்ஜோபுலோஸ் அடியிலிருந்து திரும்ப எழுதினார். பெயர்தான் பழசு. சர்வர் கோப்புகளை மட்டும் கொடுக்கும். வேலையைக் கிளையன்டின் சொந்தப் பிராசசரும் மெமரியும் செய்யும். அதனால் சர்வருக்கு 32 ஜிபி வேண்டாம். ஒரு சாதாரண ஐ3, 8 ஜிபி, ஒரு எஸ்எஸ்டி, கிகாபிட் லேன் போதும். மிச்சமாகும் பணம் கிளையன்டின் ரேமுக்குப் போக வேண்டும். நண்பரிடம் இருப்பவை பெரும்பாலும் பழைய இன்டெல் ஜி31 மதர்போர்டுகள். அவற்றின் உச்சவரம்பே 4 ஜிபி. டிடிஆர்2 ரேம் செகண்ட்ஹேண்டில்தான் தேட வேண்டும். 2 ஜிபியிலும் ஓடும், ஆனால் பிரவுசரில் ஐந்தாறு டேப் திறந்ததும் மூச்சு வாங்கும்.

எனக்குப் பிடித்தது இதன் பராமரிப்பு. சர்வரில் வழக்கம்போல ஒரு மென்பொருளை நிறுவி, எல்டிஎஸ்பி இமேஜ் கட்டளையை ஒருமுறை ஓட்டினால், அடுத்த பூட்டில் சர்வரிலிருந்து எழும் எல்லா சிஸ்டத்திலும் அது வந்துவிடும். தமிழ்99 கீபோர்டை இப்படித்தான் ஒரே மூச்சில் அந்த மேசைகளுக்கெல்லாம் கொண்டுபோனோம். மாணவர் எதையாவது குளறுபடி செய்தாலும் சிஸ்டம் கோப்புகளில் ஒட்டாது. மறுபடி பூட் செய்தால் பழையபடி.

குறைகளும் உண்டு. அந்தத் தற்காலிக மாற்றங்கள் மெமரியில்தான் இருக்கும். மாணவரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறைக்கு வெளியே பெரிய கோப்பை இறக்கினால் சிஸ்டம் உறைந்துவிடும். மெமரியைச் சுருக்கிப் பயன்படுத்தும் இசட்ரேம் போடுங்கள், பழைய 80 ஜிபி ஹார்ட் டிஸ்க் கிடந்தால் மெமரி நிரம்பும்போது வழியும் ஸ்வாப்புக்கு மட்டும் மாட்டுங்கள். ஹோம் கோப்புறை சர்வரிலிருந்து மறையாக்கத்தோடு அனுப்பும் எஸ்எஸ்எச்எஃப்எஸ் வழியாக வந்தால் பாதுகாப்பு, மறையாக்கம் இல்லாத என்எஃப்எஸ் வழியாக வந்தால் வேகம். நம்பிக்கையான மூடிய லேன் என்றால் என்எஃப்எஸ். சர்வர் படுத்தால் அறையே படுத்துவிடும் என்பது பழையதைப் போலவே இதிலும் உண்டு. யுபிஎஸ்ஸில் முதல் இடம் சர்வருக்கும் ஸ்விட்சுக்கும்.

அப்புறம், ராத்திரி மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகிற மையங்களில் பயாஸ் அமைப்புகளைக் காக்கும் சிமாஸ் பேட்டரி சீக்கிரம் தீரும். பயாஸ் தொழிற்சாலையில் வைத்த அமைப்புக்கே போய்விடும். பல போர்டுகளில் அப்போது லேன் பூட் ரோம் அணைந்திருக்கும். சர்வரைக் குடைவதற்கு முன் ஒரு சிஆர்2032 வாங்கிப் போடுங்கள்.

எஸ்எஸ்டியும் ராஸ்பெர்ரி பையும்

வேகத்தில் எஸ்எஸ்டியை எதுவும் அடிக்காது. ஜி31-ன் பழைய சாட்டாவிலும் விநாடிக்கு 200 எம்பிக்கு மேல் வரும். கிகாபிட் லேனில் 110, 100 மெகாபிட் லேனில் 11 அல்லது 12. ஆனால் இந்த வித்தியாசம் பூட்டிலும் பிரவுசரை முதல்முறை திறக்கும்போதும்தான் தெரியும். அதற்குப் பிறகு ரேம்தான் பேசும், அதை எப்படியும் வாங்கத்தான் வேண்டும். 16 முறை அப்டேட், 16 முறை வைஃபை பாஸ்வேர்ட் சண்டை. ஐந்தாறு சிஸ்டம் உள்ள இடத்தில், லேன் வயரிங் மோசம் என்றால், நானே எஸ்எஸ்டி என்றுதான் சொல்வேன். குளோன்ஜில்லாவில் ஒன்றைப் பிரதியெடுத்து மற்றவற்றில் இறக்கிவிடலாம்.

ராஸ்பெர்ரி பை 4 என்கிற கையளவுக் கணினியும் லேனிலிருந்து பூட் ஆகும். ஆனால் அதன் பிராசசர் வேறு இனமான ஏஆர்எம். தனி இமேஜ் பராமரிக்க வேண்டும். பழைய விஜிஏ மானிட்டர்களுக்குக் கன்வெர்ட்டர் வேறு. இருக்கும் பெட்டிகளைத் தூக்கிப் போடுகிறவர்களுக்கு மட்டும்.

நண்பர் அறையில் இரண்டு சிஸ்டம் மட்டும் இன்டெல் ஆட்டம் என்270. 32 பிட் மட்டுமே அறிந்த பிராசசர் அது. உபுண்டு 2019-லேயே 32 பிட்டை விட்டுவிட்டது. 2025-ல் வந்த டெபியன் 13 என்ற இன்னொரு லினக்ஸிலும் அதற்குக் கெர்னல் இல்லை. சர்வரின் 64 பிட் இமேஜில் அவை பூட்டே ஆகாது. அந்த இரண்டிலும் டெபியன் 12-ன் 32 பிட் பதிப்பைப் பழைய ஹார்ட் டிஸ்க்கில் நிறுவி, டைப்பிங் வகுப்புக்கென்று ஓரமாக ஒதுக்கிவிட்டோம்.