200 லூமென் பின்விளக்கு: பெட்டியில் போட்டிருப்பதை நம்பாதீர்கள்

நேற்று இரவு சைக்கிளில் போகும்போது பின்னால் வந்தவர் ஒரு நொடி கவனம் தவறியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். மோட்டார் சைக்கிளில் வந்த பெரியவர் பக்கத்தில் வந்து, “தம்பி, பின்னால் விளக்கே இல்லையே! கிட்டே வந்த பிறகுதான் உன்னைப் பார்த்தேன்” என்று கத்தினார். இறங்கிப் பார்த்தால், ஒன்பது நாள் முன்பு வாங்கிய சிவப்பு விளக்கு அணைந்து கிடக்கிறது. முழுதாகச் சார்ஜ் செய்து கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முன்விளக்கு அணைந்தால் பாதை இருண்டுவிடும், உடனே தெரியும். பின்விளக்கு அணைந்தால் ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. எவ்வளவு தூரம் அப்படி ஓட்டினேனோ, நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

சைக்கிள் பொருட்கள் விற்கும் ஓர் இணையக் கடையில் வாங்கியது. சாதாரண விளக்கு நான்கு வாங்கும் பணம்! பெட்டியில் ‘200 லூமென், 12 மணி நேரம், நீர் புகாது’ என்று இருந்தது (லூமென் என்பது வெளிச்சத்தின் அளவு). சந்தேகம் வந்து, வாங்கும் முன்பே அவர்களிடம் கேட்டேன்: முழு வெளிச்சத்திலேயே 12 மணி நேரம் வருமா? “தாராளமாக வரும் சார், நானும் இதைத்தான் வைத்திருக்கிறேன்” என்று பதில் வந்தது. அந்த ‘நானும்’ என்ற சொல்லில்தான் விழுந்தேன். இரவில் சைக்கிள் ஓட்டுகிற ஒருவர் இன்னொருவரிடம் இந்த விஷயத்தில் பொய் சொல்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்று காலை அந்தக் கடையில் கேட்டால், சரியாகச் சார்ஜ் செய்தீர்களா என்கிறார் ஒருவர். 12 மணி நேரம் என்பது குறைந்த வெளிச்சத்தில் விட்டுவிட்டு எரியும்போதுதான் என்கிறார் அடுத்தவர். பெட்டியில் அது எங்கே இருக்கிறது? பதில் இல்லை. மூன்றாமவர், திருப்பி அனுப்பும் 7 நாள் கெடு முடிந்துவிட்டது என்றார். பழைய உரையாடலை அப்படியே அனுப்பினேன். “உங்கள் கருத்துக்கு நன்றி” என்று முடித்துக்கொண்டார்கள். நான்கு விளக்கின் பணம் போனது போனதுதான்.

ஆத்திரத்தில் விளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பேட்டரியில் 3.7 வோல்ட், 400 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருக்கிறது. இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் ஏறக்குறைய ஒன்றரை வாட் மணி, அதாவது ஒரு வாட் விளக்கை ஒன்றரை மணி நேரம் எரிக்கும் மின்சாரம். ஒரு வாட்டுக்கு 100 லூமென் என்று தாராளமாகவே வைத்தாலும் 200 லூமெனுக்கு 2 வாட் வேண்டும். முக்கால் மணி நேரம்தான் எரியும்! 12 மணி நேரம் எரிய இதுபோல 16 பேட்டரி வேண்டும். விளக்கு விற்கிறவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாதா?

நல்ல பின்விளக்கை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. இவற்றை மட்டும் பாருங்கள். பேட்டரியின் அளவைச் சொல்லாத விளக்கு வேண்டாம். ஒவ்வொரு வெளிச்ச நிலைக்கும் தனித்தனியே நேரம் போட்டிருக்க வேண்டும். ‘நீர் புகாது’ என்ற வெறும் சொல் போதாது, ஐபிஎக்ஸ்4 (எந்தப் பக்கமிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும் என்று பொருள்) போன்ற குறியீட்டைத் தேடுங்கள். பின்சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் நேராக அங்கேதான் போகிறது. பக்கவாட்டிலிருந்தும் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

வாங்கிய அன்றே வீட்டில் முழு வெளிச்சத்தில் எரியவிட்டு, எப்போது அணைகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். என் தினசரிப் பயணம் அரை மணி நேரம்தான் என்பதால் நேற்றுவரை எனக்குத் தெரியாமலே போயிற்று. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இன்றிரவே எரியவிட்டுப் பாருங்கள், பிள்ளைகளின் சைக்கிளில் இருப்பதையும் சேர்த்து.